உதவித்தொகை கேட்டால் கதவு மூடுமா?

அக்கா மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். திருப்பூரில் அவள் அப்பாவுக்குச் சிறிய பிரின்டிங் பட்டறை. அமெரிக்காவில்தான் பட்டப்படிப்பு என்று பிடிவாதம். அங்கே பெரிய தனியார் கல்லூரிகளில் படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டுகிறது. அதனால் தரவரிசைப் பட்டியலை ஓரமாக வைத்தோம். உதவித்தொகை வேண்டும் என்று எழுதினால் விண்ணப்பம் என்ன ஆகும்? இந்தக் கேள்வியை வைத்தே கல்லூரிகளைப் பிரித்தோம்.

முதல் வகைக்கு 'நீட் பிளைண்ட்' என்று பெயர். மருத்துவ நுழைவுத் தேர்வு அங்கேயும் வந்துவிட்டதோ என்று அக்கா பதறினாள். இது வேறு நீட், 'தேவை' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். குடும்பத்தின் வசதியைப் பாராமலே இடம் தருவார்கள். வெளிநாட்டு மாணவரையும் இப்படிச் சேர்த்து, குடும்பத்தால் கட்ட முடியாத பகுதி முழுவதையும் தருகிறவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆமர்ஸ்ட் ஆகியவை முன்பிருந்தே உண்டு. 2022-இல் டார்ட்மத்தும் போடினும் இதை அறிவித்தன, பிறகு பிரௌன். கேட்க இனிக்கிறது. ஆனால் முதல் நான்கிலும் நூறு பேர் விண்ணப்பித்தால் ஐந்து பேருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை. பணம் கேட்பதால் வாய்ப்பு குறையாது என்பது உண்மை. குறைய அங்கே என்ன இருக்கிறது?

இரண்டாவது 'நீட் அவேர்'. வில்லியம்ஸ், ஸ்வார்த்மோர், வாசர், மெக்காலெஸ்டர் போன்றவை வெளிநாட்டு மாணவர் கேட்கும் தொகையையும் தராசில் வைக்கின்றன. ஒரே தரத்தில் இருவர் இருந்தால், குறைவாகக் கேட்பவர் பக்கம் தட்டு சாயலாம். ஆனால் இடம் கொடுத்துவிட்டால் தேவை முழுவதையும் ஈடுகட்டுகிறார்கள். "உதவி வேண்டாம் என்று போட்டு உள்ளே நுழைந்துவிடு, பிறகு கேட்டுக்கொள்ளலாம்" என்று ஒரு யோசனை எல்லா ஊரிலும் சுற்றுகிறது. தயவுசெய்து அந்த யோசனைக்குக் காது கொடுக்காதீர்கள். சேர்க்கையின்போது கேட்காத வெளிநாட்டு மாணவர் பின்னர் கேட்கவே முடியாது என்று பல கல்லூரிகள் விதி வைத்திருக்கின்றன. போதாததற்கு, விசாவுக்கான ஐ-20 படிவம் வாங்கவே முதலாண்டுச் செலவுக்குப் பணம் காட்டவேண்டும்.

இரண்டு வகையிலும் பெரும்பாலும் சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்ற நிதி விவரப் படிவத்தை நிரப்பவேண்டும். வருமானம், சேமிப்பு, தொழிலின் மதிப்பு, வீடு வாங்கிய ஆண்டு, அன்றைய விலை, இன்றைய விலை. இரவு பதினொரு மணிக்கு மாமா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு விசாரிக்கவில்லையே, மாப்பிள்ளை" என்றார். பட்டறையின் விற்றுமுதலை வருமானக் கட்டத்தில் எழுதியிருந்தார்! அப்படியே போயிருந்தால் அவரைப் பெரிய முதலாளி என்று நினைத்திருப்பார்கள்.

என் கணக்கில், நம்மைப் போன்ற குடும்பத்துக்கு இரண்டாவது வகைதான் நடைமுறைக்கு ஒத்துவரும். அதிலும் நவம்பர் மாத 'ஏர்லி டிசிஷன்' என்ற முன்கூட்டிய விண்ணப்பம் கை கொடுக்கும். இடம் கிடைத்தால் கட்டாயம் சேர்கிறேன் என்று கையெழுத்துப் போடுவதால் கல்லூரிக்கு ஒரு நிச்சயம் கிடைக்கிறது. டிசம்பர் நடுவில் முடிவும் தெரிந்துவிடும். உதவித்தொகை உண்மையிலேயே போதாவிட்டால் விலகிக்கொள்ளலாம். நான்கு கல்லூரிகளின் உதவிக் கடிதங்களை அருகருகே வைத்துப் பார்க்கும் வசதி மட்டும் போய்விடும். அது வேண்டுமென்றால் ஜனவரி விண்ணப்பம்தான், மார்ச் கடைசிவரை காத்திருப்புதான்.

கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரி வழியையும் பார்த்தோம். சான்டா மோனிகா, டி ஆன்சா போன்ற இடங்களில் இரண்டு ஆண்டு குறைந்த செலவில் படித்துவிட்டு, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆறு வளாகங்களில் ஒன்றுக்கு, நிபந்தனைகளை நிறைவுசெய்தால், உறுதியளிக்கப்பட்ட இடமாற்றம் பெறலாம். பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலிஸும் சான் டியேகோவும் அந்த ஆறில் இல்லை. கடைசி இரண்டு ஆண்டுக்கு வெளிநாட்டு மாணவருக்கான முழுக் கட்டணம் காத்திருக்கிறது. மாமா கால்குலேட்டரை எடுத்தார், இரண்டு முறை தட்டினார், மூடி வைத்தார்.

நவம்பருக்கு நீட் அவேர் கல்லூரி ஒன்று, ஜனவரிக்கு அதே வகையில் ஐந்து, ஆசைக்கு ஆமர்ஸ்ட். பட்டியல் இப்போதைக்கு இவ்வளவுதான்.