எச்.ஆர்.பி.ஓ. தகடு: கூடுதல் காசுக்கு ஈடாகுமா?

மதுரையில் கப்பலூர், கே.புதூர் பக்கம் பேனல் பாக்ஸ், ஸ்டார்ட்டர் பெட்டி, ரேக் அடிக்கிற பட்டறைகளுக்கு எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 1.6 முதல் 4 மி.மீ. வரை, மடக்கி பவுடர் கோட்டிங் (பொடி பெயின்ட் தூவிச் சூட்டில் வேகவைப்பது) போடுகிற வேலை என்றால் எச்.ஆர்.பி.ஓ.தான் வாங்க வேண்டும். சூட்டில் உருட்டிய தகட்டை ஆலையிலேயே ஆசிட்டில் ஓட்டி, ஸ்கேல் எடுத்து, எண்ணெய் பூசிக் கொடுக்கும் சரக்கு இது. ஆசிட்டில் ஓட்டாத சாதாரண எச்.ஆரைவிட (சூட்டில் உருட்டிய தகடு) கிலோவுக்குச் சில ரூபாய் கூடும்.

சாதாரண எச்.ஆரில் தெரியும் நீலக் கறுப்புத் தோல்தான் ஸ்கேல்; அது இரும்பு ஆக்சைடு. உருட்டாலையில் 850–900 டிகிரிச் சூட்டில் வெளிவரும்போதே காற்றுப் பட்டு உருவாவது. அதில் மூன்று வகை ஆக்சைடு அடுக்காக இருக்கும்: அடியில் வுஸ்டைட், நடுவில் மேக்னடைட், மேலே மெல்லிசாக ஹேமடைட். 570 டிகிரிக்குக் கீழே மெதுவாக ஆறும்போது வுஸ்டைட் நிலைக்காமல் மேக்னடைட்டாகவும் இரும்பாகவும் பிரியும். மொத்தக் கனமே 5–10 மைக்ரான்தான். தகடு தட்டையாக இருக்கும்வரை கெட்டியாக ஒட்டியிருக்கும். மடக்கினால் இரும்பு நீளும், ஆக்சைடு நீளாது. வளைவின் வெளிப்பக்கம் நூல் நூலாக வெடிக்கும். அதன்மேல் பவுடர் எவ்வளவு நன்றாக வெந்திருந்தாலும் ஸ்கேலோடு சேர்ந்து சீவலாக உரிந்துவிடும்.

சொந்தத் தொட்டியில் ஆசிட் போட்டால் மிச்சமாகுமே என்பவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்கள். 2 மி.மீ.யில் 1250 × 2500 தகடு 49 கிலோ. இரு பக்கமும் சேர்த்துக் கால் கிலோ அளவுக்கு ஸ்கேல். அதைக் கரைக்க மட்டுமே கடையில் விற்கும் 30–33 சத ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஏறக்குறைய ஒரு கிலோ வேண்டும். ஆலையில் 70–85 டிகிரியில் நொடிக்கணக்கில் முடிகிற வேலை, குளிர்ந்த தொட்டியில் நிமிடக்கணக்காக இழுக்கும். கரைந்த இரும்பு லிட்டருக்கு 100 கிராமைத் தாண்டினால் இன்னும் மந்தம். இன்ஹிபிட்டர் என்ற தடுப்பு மருந்து கலக்காவிட்டால் ஸ்கேல் போன இடத்தில் ஆசிட் இரும்பையே அரித்துக் குழி போடும். கடைசிக் கழுவலை உப்பு போர் தண்ணீரில் செய்தால் குளோரைடு தங்கி, காய்வதற்குள்ளேயே மஞ்சள் துரு ஏறும். கழிவு ஆசிட்டைச் சாக்கடையில் விடக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரக்கு இறங்கியதும் ஒரு சோதனை அவசியம். உரக்கடை மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 5 கிராமை 100 மி.லி. தண்ணீரில் கரையுங்கள். தகட்டின் எண்ணெயைத் தின்னரால் நன்றாகத் துடைத்துவிட்டு, பஞ்சில் தொட்டுத் தடவுங்கள். வெறும் இரும்பு சட்டென்று செம்பு நிறமாகும். ஸ்கேல் மிச்சமுள்ள இடம் கறுப்பாகவே நிற்கும். நடுவில் பார்ப்பதைவிட ஓரத்தில் பாருங்கள். தகடு சுருளாக (காயில்) இருந்து ஆறும்போது ஓரத்தில்தான் காற்று அதிகம் படும், ஸ்கேலும் அங்கேதான் பிடிவாதமாக இருக்கும். சோதித்த இடத்தை உடனே துடைத்து எமரி போட்டுவிடுங்கள். செம்பு தங்கினால் அங்கே துரு பிடிக்கும். வெள்ளைத் துணியால் தேய்க்கும்போது அட்டக்கறுப்பாகக் கரி வந்து, தொட்டால் சொரசொரப்பாகவும் இருந்தால், ஆசிட்டில் அதிக நேரம் நின்ற சரக்காக இருக்கலாம். அதைத் திருப்பி அனுப்புவதே நல்லது.

இந்தத் தகடு தீர்க்காத விஷயங்களும் உண்டு. உருட்டும்போதே ஸ்கேல் உள்ளே அமுங்கியிருந்தால் ஆசிட்டுக்குப் பிறகு அங்கே குழிதான் மிஞ்சும். ஆக்சிஜன் லேசரில் வெட்டினால் வெட்டு ஓரத்தில் புதிதாக ஆக்சைடு ஏறும். பெட்டியின் ஓரத்தில் பெயின்ட் உரிந்து வரும் புகார்களில் பல இங்கிருந்துதான் வருகின்றன. பவுடருக்கு முன் அந்த ஓரத்தைத் தேய்த்தெடுங்கள், அல்லது நைட்ரஜனில் வெட்டச் சொல்லுங்கள். எண்ணெயைத் துடைக்காமல் சி.ஓ.டூ. வெல்டிங் அடித்தால் வெல்டுக்குள் சின்னச் சின்னத் துளை விழும். பவுடருக்கு முன் செய்யும் பாஸ்பேட் பூச்சுக்கு (பாஸ்பேட்டிங்) முன்னால், எண்ணெய் நீக்கும் சூடான டிகிரீசிங் தொட்டியைத் தவிர்க்கவே முடியாது.

கனத்த பிளேட், கூரை டிரஸ், சேசிஸ் வேலைக்கு இது வேண்டாம். அங்கே இரும்புத் துகளை வேகமாக அடித்து ஸ்கேல் எடுக்கும் கிரிட் பிளாஸ்டிங்தான் பொருத்தம். 1.6 மி.மீ.க்குக் கீழே சி.ஆர். (சூடு இல்லாமல் உருட்டிய தகடு) எடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் வாங்குகிறவர்கள் தார்ப்பாய் மூடிய வண்டியில்தான் சரக்கை ஏற்றச் சொல்ல வேண்டும். அடுக்குக்குள் மழைநீர் புகுந்தால் தானாக வெளியே வராது. எண்ணெயைத் தள்ளிக்கொண்டு உள்ளே பரவி, மேல் தகடு பளபளவென்று இருக்க நடுத் தகடுகள் துருப்பிடித்திருக்கும். நனைந்து வந்தால் அன்றே பிரித்துத் துடைத்து, எண்ணெய் தடவி, கட்டையில் தூக்கி வையுங்கள்.