களை விதை பாக்க 10எக்ஸ் மடக்கு லென்ஸ்: பெங்களூர்ல வாங்கினது, என் ரிவ்யூ

மாடில நாலு தொட்டி வெச்சிருந்தாலும் சரி, மாலூர் ஆனேகல் பக்கம் அரை ஏக்கர் வெச்சிருந்தாலும் சரி, விதை வாங்கி போடுறவங்க கையில ஒரு நல்ல 10எக்ஸ் லென்ஸ், அதாவது பத்து மடங்கு பெருசா காட்டுறது, இருந்தே ஆகணும்னு நான் சொல்லுவேன். என்கிட்ட இருக்கறது நகைக்கடைக்காரங்க கல்லு பாக்குற மடக்கு லென்ஸ், ட்ரிப்லெட் (மூணு கண்ணாடி ஒட்டினது), 18 எம்எம் கண்ணாடி. நகரத்பேட்டைல தட்டாருங்களுக்கு சாமான் விக்கிற சந்துல வாங்கினேன், ஆயிரம் ரூபாய்க்குள்ள தான் ஆச்சு.

எதுக்கு இதெல்லாம்னு கேக்கறவங்களுக்கு, ராகியையே எடுத்துக்குங்க. அதுல கலந்து வர்ற களை எலூசின் இண்டிகா, ராகிக்கு பங்காளி ஜாதி, சின்ன நாத்துல ரெண்டையும் பிரிச்சு பிடுங்கறது ரொம்ப கஷ்டம், கதிர் வந்து அடையாளம் தெரியறதுக்குள்ள அது பாட்டுக்கு விதைய கொட்டிட்டு போயிடும். ஆனா விதையா இருக்கும்போதே ரெண்டும் வேற வேறன்னு பளிச்சுன்னு தெரியும். ராகி மணி உருண்டை. களை விதை கொஞ்சம் நீளவாக்கு, கருஞ்சிவப்பு, ஒண்ணு ஒண்ணரை மில்லிமீட்டர் இருந்தா அதிகம், வெறும் கண்ணுக்கு வெறும் தூசி தான், லென்ஸ்ல வெச்சு பாத்தீங்கன்னா தோல் மேல சாய்வா வரி வரியா மேடு, விரல் ரேகை மாதிரி. ஒருதரம் பாத்துட்டா அப்புறம் எங்க பாத்தாலும் கண்டுபிடிச்சிடுவீங்க.

தினைலயும் இப்படித்தான். செட்டேரியா பூமிலான்னு ஒரு களைப்புல், அதோட விதைல மேல் உமி பாதி வரைக்கும் தான் மூடியிருக்கும், மீதி பாதில குறுக்கு சுருக்கம் நல்லா தெரியும், நம்ம தினை மணி வழவழன்னு பளபளப்பா இருக்கும். குதிரைவாலில வர்ற களை எகைனோக்ளோவா க்ரஸ்-கல்லிக்கு நுனில நீள முடியா மீசை இருக்கும்னு சொல்லுவாங்க, அத மட்டும் நம்பாதீங்க, சிலதுக்கு மீசையே இருக்காது, இருந்தாலும் தூத்தி புடைக்கறதுல உடைஞ்சு போயிருக்கும், உமி நரம்பு மேல முள்ளு முள்ளா நிக்கிற முடிய பாருங்க. எகைனோக்ளோவா கொலோனா தான் தலைவலி, மீசை கிடையாது, ரெண்டு மூணு மில்லிமீட்டர், நாம சாப்பிடுற குதிரைவாலியே அதுலேர்ந்து வந்தது தான்கறதால லென்ஸ்ல கூட கொஞ்சம் தயங்கி தான் சொல்ல முடியும். விதை மூணு பட்டையா இருந்தா அது புல்லே இல்ல, பெரும்பாலும் கோரை ஜாதி.

நீல டேக் போட்ட சர்டிஃபைட் (சான்று பெற்ற) விதை தானே வாங்கறோம்னு சும்மா இருக்காதீங்க. சர்டிஃபைட் நெல்லுக்கே தூய்மை 98 சதவீதம் இருந்தா போதும்ங்கறது தான் விதி. தெரிஞ்சவங்க குடுக்கற சிறுதானிய விதைக்கு டேக்கே இருக்காது.

சரி லென்ஸ் விஷயத்துக்கு வர்றேன். ஆன்லைன்ல 30எக்ஸ்னு எழுதி, எல்இடி லைட்டெல்லாம் வெச்சு, பாதி விலைக்கு விக்கிறாங்க, தயவுசெஞ்சு ஏமாறாதீங்க. 250ஐ பவரால வகுத்தா எத்தன மில்லிமீட்டர் தூரத்துல தெளியணும்னு வந்துடும். 10எக்ஸ்னா 25, 30எக்ஸ்னா எட்டு மில்லிமீட்டர் தான். 30னு போட்டிருக்கற லென்ஸ் ஒரு இன்ச் தள்ளி வெச்சாலே தெளிவா காட்டுதுன்னா அது 10 தான், அவ்வளவு தான் கணக்கு. அதுமட்டுமில்ல, ஒத்த கண்ணாடி லென்ஸ்ல ஓரத்துல ஊதாவும் மஞ்சளுமா கலர் அடிக்கும், விதை கருப்பா சிவப்பான்னு பாக்கற நமக்கு அது ஆகவே ஆகாது. ட்ரிப்லெட்ல மூணு கண்ணாடி ஒட்டி அந்த கலர் அடிக்கறத சரி பண்ணியிருக்காங்க, ஓரம் வரைக்கும் சுத்தமா இருக்கு.

பாக்கற விதம்: லென்ஸ கண்ணு கிட்ட ஒட்டி வெச்சுட்டு விதைய மேல கொண்டு வாங்க, லென்ஸ விதை மேல வெச்சு தூரத்துலேர்ந்து எட்டி பாக்காதீங்க. மொபைல் டார்ச்ச பக்கவாட்டுல அடிச்சா வரியோட நிழல் விழும், அப்பதான் மேடு பள்ளம் தெரியும், நேரா அடிச்சா எல்லாம் தட்டையா போயிடும். கீழ கிராஃப் பேப்பர் வெச்சுக்கிட்டா அளவும் அப்படியே கிடைக்கும்.

குறைன்னா, உருண்டை விதைல ஒரு பக்கம் தெளிஞ்சா இன்னொரு பக்கம் மங்கும், 10எக்ஸ்ல அது இருக்கத்தான் செய்யும். மடக்குற இடத்து ஸ்க்ரூ சீக்கிரம் லூசாகுது. டிஜிட்டேரியா புல்லுல எந்த வகைன்னு பிரிக்கணும்னா இது பத்தாது, ஸ்டீரியோ மைக்ராஸ்கோப் வேணும், அந்த சேம்பிளெல்லாம் ஒரு கவர்ல போட்டு வெச்சு ஜிகேவிகேல (பெங்களூர் வேளாண் பல்கலைக்கழக வளாகம்) கிருஷி மேளா நடக்கும்போது எடுத்துட்டு போய் கேக்கலாம்.

அஞ்சுக்கு நாலரை ஸ்டார். வாங்க போறவங்க கைல ஒரு துண்டு கிராஃப் பேப்பர் எடுத்துட்டு போங்க, லென்ஸ்ல பாக்கும்போது ஓரத்து கோடு வளையாம, கலர் அடிக்காம இருக்கறத எடுங்க, கடைல எத்தன லென்ஸ் மாத்தி கேட்டாலும் முகம் சுளிக்காம எடுத்து காட்டுறாங்க.