கேட்காமல் வந்த அருள்: 'டார்க்கஸ்ட் பவர்ஸ்' மூன்று நாவல்கள்

சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் சாமி வருவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. வில்லுப்பாட்டோ, மகுடம் என்ற பறை கொட்டிக் கதை பாடும் கணியான் கூத்தோ, கதை உரிய கட்டத்துக்கு வந்ததும் வேகம் பிடிக்கும். சாமியாடும் கோமரத்தாடிக்கு அருள் இறங்கும். அவர் நிலை தவறினால் தாங்கிப் பிடிக்க ஆள் நிற்கும். ஆட்டம் முடிந்தால் சாமி மலையேறும். ஒருவர் மேல் இறங்கியதை ஊரே சேர்ந்து சுமக்கிறது. தாங்க ஒருவரும் இல்லாத இடத்தில் பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இப்படியொன்று வந்தால் என்ன ஆகும்? கனடா எழுத்தாளர் கெல்லி ஆம்ஸ்ட்ராங்கின் இந்த மூன்று ஆங்கில நாவல்களும் அதைத்தான் சொல்கின்றன. நெல்லைச் சீமைப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை சட்டென்று பிடிபடும்.

வாங்குகிறவர்கள் முதலில் வரிசையைப் பார்க்க வேண்டும். 'தி சம்மனிங்' (2008), 'தி அவேக்கனிங்' (2009), 'தி ரெக்கனிங்' (2010). முதல் புத்தகம் நடுவழியில் நிற்கிறது. இரண்டாவது அதே இடத்திலிருந்து கிளம்புகிறது. முதலாவதை மட்டும் வாங்கிக் கொடுத்தால் பிள்ளைக்கு எரிச்சல்தான் மிஞ்சும். கிடைத்தால் மூன்றையும் சேர்த்து வாங்குங்கள், இல்லையென்றால் இரண்டாவது கைக்கு வரும்வரை முதலாவதைத் தொட வேண்டாம்.

நாயகி குளோயி சாண்டர்ஸ். தாய் இல்லை, தகப்பன் எந்நேரமும் வேலையாக வெளியூரில். சினிமா இயக்குநர் ஆகவேண்டும் என்பது அவள் ஆசை. பூப்பெய்திய அன்றே பள்ளிக்கூடத்தில் முகம் வெந்துபோன ஓர் ஆவி அவளைத் துரத்துகிறது. மற்றவர்கள் கண்ணுக்கு அது தெரியாததால் அவள் கத்தியதும் ஓடியதும் மட்டுமே கணக்கில் வருகின்றன. மனச்சிதைவு நோய் என்று முடிவுகட்டி, பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கான லைல் ஹவுஸ் என்ற இல்லத்தில் சேர்க்கிறார்கள். அங்கே இருப்பவர்களில் அவளைப் போலவே விநோதமானவர்கள் இன்னும் சிலர்.

இந்த நாவல்களின் பலம், சக்திக்கு ஆசிரியர் போட்டிருக்கும் விதிகள். குளோயி ஆவிகளோடு பேசக்கூடிய நெக்ரோமான்சர். ஆவி என்பது வெள்ளைப் புகையாக வருவதில்லை, சாதாரண ஆள் போலவே நிற்கிறது. சுவரையோ நாற்காலியையோ ஊடுருவிப் போகும்போதுதான் அவளுக்கே தெரிகிறது. ஆவிகளுக்கோ அவள் ஒளிவிடுபவளாகத் தெரிகிறாள். அதனால் அவள் ஒதுங்கினாலும் அவை தேடி வருகின்றன. மனத்தைக் குவித்தால் ஓர் ஆவியை அருகே இழுக்கலாம். அளவுக்கு மீறி இழுத்து, பக்கத்தில் பிணமும் இருந்துவிட்டால், ஆவி அந்த உடலுக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். அதை விடுவிக்கவும் அதே மனக்குவிப்பு வேண்டும். அழுகிய உடல் ஊர்ந்து வரும்போது அமைதியாக உட்கார்ந்து மனத்தைக் குவிக்க வேண்டும் என்றால் எப்படியிருக்கும்! முதல் நாவலில் வீட்டின் அடித்தளத்தில் நடக்கும் இந்தக் காட்சி மூன்று நூல்களிலும் ஆகச் சிறந்த திகில். உள்ளே சிக்கிய ஆவிக்கும் அது சித்திரவதை என்பதை ஆசிரியர் காட்டிவிடுவதால், பயத்தோடு குற்றவுணர்வும் குளோயிக்குச் சேர்கிறது. இரண்டாவது நாவலில் தூக்கத்திலேயே சக்தி வேலை செய்யத் தொடங்குகிறது. அதன் பிறகு அவளுக்கு உறக்கம்கூடப் பாதுகாப்பில்லை.

பல மாயாஜாலக் கதைகளில் சக்தி வந்ததும் பிள்ளை நாலு அத்தியாயத்தில் வீரனாகிவிடும். இங்கே அப்படி இல்லை. கற்றுக்கொடுக்க ஆளில்லை என்பதால் ஒவ்வொரு முயற்சியும் வேறெங்கோ உடைகிறது. அதே இல்லத்தில் இருக்கும் டெரெக் என்ற பையனின் அசுர பலம் ஏற்கெனவே ஒருவனை முடமாக்கியிருக்கிறது. அவன் ஓநாய்மனிதன். ஓநாயாக மாறும் வேளை அவனுக்கு முன்கூட்டியே வந்துவிடுகிறது: காய்ச்சல், தசை துடிப்பு, வாந்தி. மாறி முடிப்பதற்குள் உயிர் போய் வருகிறது. குளோயி ஓடாமல் பக்கத்திலேயே இருக்கிறாள். அவளால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை, ஆனாலும் இருக்கிறாள். அருள் வந்தவருக்குப் பின்னால் நிற்கும் ஆளின் வேலை என்ன என்று தெரிந்தவர்களுக்கு இந்தப் பக்கங்கள் கூடுதலாகப் பேசும். நட்பும் காதலும் இங்கிருந்துதான் முளைக்கின்றன, அதனால் நம்பும்படி இருக்கின்றன.

குறைகளும் உண்டு. முதல் நாவலின் முன்பாதி அந்த வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறது. வகுப்பு, சாப்பாடு, மருந்து, சண்டை என்று ஏறத்தாழ நூறு பக்கம் பொறுமை வேண்டும். இந்தப் பிள்ளைகள் மரபணு மாற்றச் சோதனைக்கு உட்பட்டவர்கள் என்பது சக்தி கட்டுக்கடங்காமல் போவதற்கு நல்ல காரணம். ஆனால் அதை நடத்தும் எடிசன் குழுவில் ஒருவரும் முழு மனிதராக உருவாகவில்லை. மூன்றாவது நாவலின் முடிவு அவசரம். இரண்டு நூல்களாகக் கட்டிய பகையை இவ்வளவு சீக்கிரம் தீர்த்திருக்க வேண்டியதில்லை. டோரி என்ற சிடுசிடுப்பான பெண்ணை மட்டும் ஆசிரியர் கடைசிவரை கைவிடவில்லை. அவள் வரும் இடமெல்லாம் உரையாடல் சுடுகிறது.

ஆங்கிலம் எளிது. குளோயியே சொல்லும் கதை, குட்டி வாக்கியங்கள், சிறிய அத்தியாயங்கள். தமிழ் வழியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் பிள்ளை கொஞ்சம் முயன்றால் ஓட்டிவிடும். முதல் ஐம்பது பக்கம்தான் தடுக்கும். ஒன்பதாம் வகுப்புக்குக் கீழே கொடுக்க வேண்டாம், பிணக் காட்சிகள் கனமானவை.

பெற்றோர் கவனிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. கதையில் டாக்டர் சொன்ன நோய் பொய், மாத்திரையை நிறுத்தியதும் உண்மை துலங்குகிறது. கதைக்கு அது பொருந்தும், வீட்டுக்குப் பொருந்தாது. யாருமில்லாத இடத்தில் குரல் கேட்கிறது, உருவம் தெரிகிறது என்று நிஜமாகவே ஒரு பிள்ளை சொன்னால், கோடாங்கியிடம் அலைந்து நாளைக் கடத்தாமல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். 14416 என்ற அரசின் டெலிமனஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். எழுதிக் கொடுத்த மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது என்பதையும் புத்தகத்தைக் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

மூன்றும் பிடித்துப்போனால் 2011 முதல் 2013 வரை வந்த 'டார்க்னஸ் ரைசிங்' என்ற அடுத்த மூன்று நாவல்களுக்குப் போகலாம். ஆட்கள் வேறு, ஊர் வேறு. கதை வான்கூவர் தீவில் தொடங்குகிறது. அதன் முதல் இரண்டு நூல்களைத் தனியாகவும் படிக்கலாம். கடைசி நூலில் குளோயியும் கூட்டாளிகளும் வந்து சேர்வதால், அதற்குள் இந்த வரிசையை முடித்திருப்பது நல்லது.