911 அடித்தால் எந்த மாடிக்கு வருவார்கள்? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் ஓர் அலுவலகத்துக்கு ஃபோன் சிஸ்டம் போட்டு முடித்ததும் நான் முதலில் அடிக்கும் எண் 933. இணையவழி ஃபோன் சேவை தரும் பல நிறுவனங்கள் இந்த எண்ணை வைத்திருக்கின்றன. அடித்தால் ஓர் இயந்திரக் குரல், இந்த ஃபோனுக்கு எந்த முகவரி பதிவாகியிருக்கிறதோ அதை வாசிக்கும். 911 அமெரிக்காவின் அவசர உதவி எண். நிஜமாக அதை அடித்தால் ஆம்புலன்ஸ் எங்கே போய் நிற்கும் என்பதற்கு இது ஒத்திகை.

ஒரு வாடிக்கையாளரின் நான்காம் மாடியில் நின்று இப்படி அடித்தபோது, தெருப் பெயர், கதவு எண் எல்லாம் சொல்லிவிட்டு "இரண்டாம் மாடி" என்றது குரல். விசாரித்தால், கணக்குப் பிரிவு மாடி மாறி எட்டு மாதம் ஆகிறதாம். ஃபோனைக் கழற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு மேலே ஏறியவர்கள் முகவரியைக் கீழேயே விட்டுவிட்டார்கள். யார் மேலும் தப்பில்லை. மாடி மாறினால் முகவரியையும் மாற்ற வேண்டும் என்று அவர்களிடம் யாரும் சொல்லவே இல்லை.

அந்த முகவரியை அனுப்ப என்னென்ன வழிகள் இருக்கின்றன, எது யாருக்கு ஒத்துவரும் என்பதுதான் இந்த அலசல். அதற்கு முன் சட்டம் என்ன கேட்கிறது என்று பார்த்துவிடலாம்.

இரண்டு சட்டங்கள்

பல இணைப்பு டெலிஃபோன் சிஸ்டம் என்று சட்டம் சொல்வது நமக்குத் தெரிந்த பிபிஎக்ஸைத்தான், அதாவது உள் இணைப்புகளை வெளி லைன்களோடு சேர்க்கும் பெட்டியை. கட்டடத்துக்குள் நூறு எக்ஸ்டென்ஷன், வெளியே போகப் பத்து லைன். ஓட்டல், பள்ளி, ஆஸ்பத்திரி, ஐ.டி. கம்பெனி எல்லாம் இதில் வரும். அந்தப் பெட்டி இன்று கிளவுடுக்குப் போய்விட்டாலும் சட்டம் விடாது.

2013 டிசம்பர் 1. டெக்சஸ் மாநிலம், மார்ஷல் நகரில் ஓர் ஓட்டல் அறை. காரி ஹன்ட் என்ற பெண்ணை, பிரிந்து வாழ்ந்த கணவர் கத்தியால் தாக்கினார். ஒன்பது வயது மகள் அறையில் இருந்த ஃபோனை எடுத்து 911 அடித்தாள். நான்கு முறை அடித்தாள். சொல்லிக்கொடுத்தபடி சரியாகத்தான் அடித்தாள். ஆனால் வெளி லைன் பிடிக்க முதலில் ஒரு 9 அடிக்க வேண்டும் என்பது அந்தக் குழந்தைக்கு எப்படித் தெரியும்? அழைப்பு போகவே இல்லை. தாய் இறந்துபோனார்.

காரியின் தந்தை இதை விடவில்லை. எஃப்சிசி எனப்படும் தகவல் தொடர்பு ஆணையத்தில் அப்போது உறுப்பினராக இருந்த, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த அஜித் பாய், 2014 ஜனவரியில் பெரிய ஓட்டல் நிறுவனங்களின் தலைவர்களுக்குக் கடிதம் எழுதி, உங்கள் அறைகளில் 911 நேரடியாகப் போகிறதா என்று கேட்டார். 2018 பிப்ரவரி 16 அன்று காரி சட்டம் கையெழுத்தானது. அமெரிக்காவின் முதல் 911 அழைப்பு அலபாமாவின் ஹேலிவில் என்ற ஊரில் ஒலித்தது 1968 பிப்ரவரி 16 அன்று. கணக்காக 50 வருடம்.

காரி சட்டம் கேட்பது இரண்டு. ஒன்று, முன்னால் எந்த எண்ணும் சேர்க்காமல் 911 என்று அடித்தாலே அழைப்பு போக வேண்டும். இரண்டு, யாரோ 911 அடித்திருக்கிறார்கள் என்ற தகவல் அதே நேரத்தில் வரவேற்பறைக்கோ, செக்யூரிட்டிக்கோ, பொறுப்பான வேறொருவருக்கோ போக வேண்டும். 2020 பிப்ரவரி 16-க்குப் பிறகு தயாரித்த, முதல்முறையாக விற்ற, குத்தகைக்கு விட்ட, பொருத்திய சிஸ்டங்களுக்கு இது பொருந்தும்.

அடுத்த மாதமே, 2018 மார்ச் 23 அன்று, நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு ரே பாம் சட்டம் வந்தது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் குழு ஒன்றில் அலுவலர் தலைவராக இருந்து அதற்கு முந்தைய மாதம் மறைந்தவர் ரே பாம். அலைக்கற்றை பற்றிய நீண்ட சட்டம் அது; நமக்கு வேண்டியது 506-ஆம் பிரிவு மட்டும். அதன் பேரில் 2019 ஆகஸ்டில் எஃப்சிசி போட்ட விதிகளின் சாரம்: 911 அழைப்போடு, ஆளை நேராக அனுப்பக்கூடிய இடக் குறிப்பும் போக வேண்டும். சரிபார்த்த தெரு முகவரி மட்டும் போதாத இடத்தில் மாடி, அறை, பிரிவு என்று தேவையான அளவுக்கு. ஓரிடத்தில் நிலையாக இருக்கும் ஃபோன்களுக்கு 2021 ஜனவரி 6 கெடு. கட்டடத்துக்குள் நகர்கிறவற்றுக்கும், வீட்டிலிருந்தோ வெளியிலிருந்தோ பேசுகிறவற்றுக்கும் 2022 ஜனவரி 6.

முதல் சட்டத்தில் டயலிங் பகுதியை நிறைவேற்ற டயல் பிளானில், அதாவது எந்த எண் அடித்தால் அழைப்பு எங்கே போகும் என்ற பட்டியலில், ஒரு வரி எழுதினால் போதும், அரை மணி நேர வேலை. இரண்டாவது சட்டத்துக்கு, அந்தக் கட்டடத்தில் ஃபோன் இருக்கும்வரை இடக் குறிப்புகளைத் திருத்திக்கொண்டே இருக்க ஓர் ஆள் வேண்டும். வழிகளை ஒப்பிடும்போது விலையை விட்டுவிட்டு நான் முதலில் பார்ப்பது அந்த ஆளைத்தான்.

இந்தியாவுக்கு ஃபோன் போடப் போய்

ஒரு வரி என்றேன், அதிலும் ஒரு சிக்கல் உண்டு, அதுவும் நம்மவர்கள் சம்பந்தப்பட்டது. வெளி லைனுக்கு 9 வைத்திருக்கும் ஆபீஸிலிருந்து ஊருக்குப் பேச 9, அப்புறம் 011, அப்புறம் 91. அவசரத்தில் அந்த 0 விட்டுப்போனால் 9-1-1 ஆகிவிடும். காரி சட்டப்படி அது அந்த நொடியே போய்விடும். பதறிப்போய் ஃபோனை வைத்தால் நிலைமை மோசமாகும்; பேசாமல் வைத்த அழைப்பு என்று 911 மையத்தில் இருப்பவர்கள் திரும்பக் கூப்பிடுவார்கள், பதில் வராவிட்டால் போலீஸ் வாசலில் நிற்கும். தவறி அடித்துவிட்டால் வைக்காதீர்கள். "தவறுதலாக அடித்துவிட்டேன், இங்கே எல்லாம் நலம்" என்று சொல்லிவிட்டு வையுங்கள்.

இதற்கு இரண்டு மாற்று உண்டு. வெளி லைன் எண்ணை 9-லிருந்து 8-க்கு மாற்றுவது ஒன்று. முன்னெண்ணே இல்லாமல் செல்ஃபோன் மாதிரி அடிக்க விடுவது இன்னொன்று. 8-க்கு மாற்றுவதில் முதல் மாதம் எல்லோரும் திட்டுவார்கள், ஆனாலும் என் ஓட்டு அதற்குத்தான். எதைச் செய்தாலும் 9911 என்று அடித்தாலும் போகும்படி வைத்துவிடுங்கள். பழகிய கை அதைத்தான் அடிக்கும்.

முதல் வழி: எல்லோருக்கும் ஒரே முகவரி

எந்த எக்ஸ்டென்ஷனிலிருந்து அடித்தாலும் கம்பெனியின் பொது எண்ணும் வாசல் முகவரியும் போகும். செலவு கிட்டத்தட்ட இல்லை. ஒரே தளத்தில் பத்துப் பேர் உட்காரும் கடைக்கோ பல் டாக்டர் கிளினிக்குக்கோ இது தாராளமாகப் போதும். சிறிய நிறுவனம் என்று சட்டத்தில் விலக்கு கிடையாது; ஆனால் சின்ன இடத்துக்கு வாசல் முகவரியே ஆளைக் கண்டுபிடிக்கப் போதுமான குறிப்பு.

ஆறு மாடிக் கட்டடத்தில் இதைச் செய்தால் அது சட்ட மீறல். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. லைன் துண்டித்துப்போய் 911 மையம் திரும்பக் கூப்பிட்டால் அந்த அழைப்பு பொது எண்ணுக்கு வரும். அங்கே "விற்பனைப் பிரிவுக்கு 1 அழுத்தவும்" என்று ஒரு குரல் வரவேற்கும்.

இரண்டாம் வழி: எண்ணுக்கு ஒரு பதிவு

ஒவ்வொரு மேசை ஃபோனுக்கும் தனி நேரடி எண் வாங்கி, ஒவ்வோர் எண்ணுக்கும் முகவரி, மாடி, அறை என்று 911 தரவுத்தளத்தில் பதிந்துவைப்பது. காகிதத்தில் இதைவிடத் துல்லியமான வழி இல்லை. திரும்ப அழைத்தாலும் நேராக அந்த மேசைக்கே வரும்.

ஓட்டலுக்கு இது பொருத்தம். 214-ஆம் எண் அறை நாளைக்கு நடந்து மூன்றாம் மாடிக்குப் போகாது. அறை ஃபோனும் நகராது. ஒருமுறை உட்கார்ந்து பதிந்துவிட்டால் வருடக் கணக்கில் அப்படியே இருக்கும். அலுவலகத்தில் கதை வேறு. ஆள் மாறுவார், மேசை மாறும், எண் ஆளோடு போகும். ஆரம்பத்தில் சொன்ன கணக்குப் பிரிவு இந்த வழியில் இருந்ததுதான். ஒவ்வொரு பதிவுக்கும் மாதாமாதம் காசும் கட்ட வேண்டியிருக்கும், அந்தப் பதிவு பொய்யாகிப் போயிருந்தாலும்.

மூன்றாம் வழி: கட்டடத்தை மண்டலமாகப் பிரிப்பது

இரண்டாம் மாடி கிழக்கு, இரண்டாம் மாடி மேற்கு, கிடங்கு என்று கட்டடத்தை மண்டலங்களாகப் பிரித்து, மண்டலத்துக்கு ஒன்றிரண்டு எண்களை ஒதுக்கிவிடுகிறோம். ஃபோன் எந்த ஸ்விட்ச் (நெட்வொர்க் கேபிள்கள் வந்து சேரும் பெட்டி) போர்ட்டில் சொருகியிருக்கிறது, எந்த வைஃபை பெட்டியைப் பிடித்திருக்கிறது என்று சிஸ்டமே பார்த்துக்கொண்டிருக்கும். 911 அடித்தால் அந்த மண்டலத்தின் எண்ணையே அழைப்பவரின் எண்ணாகப் போட்டு அனுப்பும். யார் அடித்தார் என்பதைச் சில மணி நேரம் நினைவில் வைத்திருந்து, திரும்ப வரும் அழைப்பை அவருக்கே சேர்க்கும்.

இதன் அழகு என்னவென்றால், ஃபோனைத் தூக்கிக்கொண்டு மாடி மாறினால் முகவரியும் கூடவே ஏறும். ஐந்நூறு பேர் இருக்கும் இடத்தில் ஐந்நூறு பதிவு தேவையில்லை, இருபது போதும். மண்டலம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று ஃபெடரல் விதி அளவு சொல்லவில்லை. இல்லினாய் மாநிலம் தன் சட்டத்தில் 40,000 சதுர அடிக்கு ஓர் இடக் குறிப்பு என்று வைத்திருக்கிறது. மாநிலச் சட்டம் தனியாக உண்டு என்பதால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தீயணைப்பு வீரர் மாடிப்படியிலிருந்து வெளியே வந்து நின்றால் கூப்பிட்டவரைப் பார்க்கவோ கேட்கவோ முடியும் என்ற அளவை நான் வைத்துக்கொள்வேன்.

பலவீனம், ஸ்விட்ச் அறையில் இருக்கிறது. நெட்வொர்க் ஆள் ஒருநாள் ராத்திரி பழைய ஸ்விட்சைக் கழற்றிப் புதியதை மாட்டுவார், கேபிளை வசதிக்கு ஏற்ப மாற்றிச் சொருகுவார், ஃபோன் எல்லாம் வேலை செய்யும், வீட்டுக்குப் போய்விடுவார். போர்ட் பட்டியல் பொய்யாகிப்போனது யாருக்கும் தெரியாது. ஆகவே ஸ்விட்ச் மாற்றும் வேலைச்சீட்டில் கடைசி வரியாக "911 பட்டியலைத் திருத்தியாயிற்றா?" என்று அச்சடித்து வைக்கச் சொல்வேன்.

நான்காம் வழி: கருவியே இடம் சொல்வது

மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் போன்ற கிளவுட் சேவைகளில் லேப்டாப்பே ஃபோன். அது தன் சப்நெட் (நெட்வொர்க்கின் உட்பிரிவு), வைஃபை, ஸ்விட்ச் விவரங்களை அனுப்பும். நாம் முன்கூட்டியே ஏற்றிவைத்த பட்டியலோடு ஒப்பிட்டு, கிடைத்த முகவரியை அழைப்போடு சேர்த்து, அந்த முகவரிக்கு உரிய 911 மையத்துக்கு அனுப்புவார்கள். டல்லஸ் எண் வைத்திருப்பவர் சியாட்டிலில் இருந்தால் அழைப்பு சியாட்டில் மையத்துக்குப் போகும். மற்ற மூன்று வழிகளில் இது கடினம். வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் இருக்கும் கம்பெனிக்கு வேறு போக்கும் இல்லை.

ஆனால் விளம்பரத்தில் சொல்லும் அளவுக்குத் தானியங்கி இல்லை. அலுவலகத்துக்குள் சரியாக வரும், பட்டியலை நாம் ஒழுங்காக ஏற்றியிருந்தால். வீட்டில் இருப்பவருக்குப் பல நேரம் "உங்கள் முகவரியை உறுதிசெய்யுங்கள்" என்று ஒரு பெட்டி வரும். அதை மூடிவிட்டு மீட்டிங்குக்குப் போகிறவர்கள்தான் அதிகம். கையால் பதிவதையும் சட்டம் ஏற்கிறது. தானாகக் கண்டுபிடிக்கத் தொழில்நுட்பம் இடம்தராதபோது அது ஒரு வழி.

வெளியிலிருந்து கம்பெனி நெட்வொர்க்குக்குள் வர உதவும் விபிஎன் இருந்தால் இன்னும் வேடிக்கை. எல்லாப் போக்குவரத்தையும் தலைமை அலுவலகம் வழியாக ஓட்டினால், வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருப்பவரைத் தலைமை அலுவலகத்தில் இருப்பதாகச் சிஸ்டம் நம்பிவிடக்கூடும். இடமே கிடைக்காத அழைப்புகளுக்கு நடுவில் ஒரு ஆபரேட்டர் வந்து முகவரி கேட்டு, அப்புறம் உரிய மையத்துக்கு மாற்றிவிடுவார். பேச முடியாதவர் என்ன செய்வார்?

அமெரிக்க எண்ணுள்ள சாஃப்ட்ஃபோனோடு (கம்ப்யூட்டரில் ஓடும் ஃபோன்) சென்னை ஆபீஸில் ராத்திரி ஷிப்ட் பார்க்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் 911 அடித்து சோழிங்கநல்லூருக்கு ஆம்புலன்ஸ் வரவழைக்க முடியாது. செல்ஃபோனை எடுத்து 108 அல்லது 112 அடியுங்கள்.

யாருக்குச் சொல்வது

காரி சட்டத்தின் இரண்டாம் பாதியில் சட்டம் கேட்பது குறைவு. அழைப்பு போன செய்தி, திரும்ப அழைக்கும் எண், மையத்துக்குச் சொன்ன அதே இடம். பின்னிரண்டும் தொழில்நுட்பம் இடம்தந்தால். அந்தத் தகவல் அழைப்பைத் தாமதப்படுத்தக் கூடாது. யாராவது பார்க்கவோ கேட்கவோ வாய்ப்புள்ள இடத்துக்குப் போக வேண்டும், 24 மணி நேரமும் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று இல்லை.

ஈமெயில், எஸ்எம்எஸ், வரவேற்பறை ஃபோனில் மணி, கம்ப்யூட்டர் திரையில் எட்டிப்பார்க்கும் பெட்டி, நான்கும் செல்லும். ஈமெயில் மட்டும் வைக்கிறவர்களை நான் தடுப்பேன், மதியச் சாப்பாட்டுக்குப் போனவர் இரண்டு மணிக்கு வந்து படிப்பார். பகலில் வரவேற்பறைத் திரையும் மணியும், ராத்திரியில் செக்யூரிட்டியின் செல்ஃபோனுக்கு எஸ்எம்எஸ் என்று சேர்த்து வைப்பது நல்லது. தகவல் வந்தவர் செய்ய வேண்டியது கதவைத் திறந்துவிட்டு, லிஃப்டைக் கீழே நிறுத்தி வைத்து, வருபவரை மேலே கூட்டிப்போவது.

ஆக, ஓட்டலும் விடுதியும் இரண்டாம் வழி. சொந்தக் கட்டடத்தில் மேசை ஃபோன் வைத்திருக்கும் ஆஸ்பத்திரி, கல்லூரி, தொழிற்சாலை எல்லாம் மூன்றாம் வழி. பாதிப் பேர் வீட்டில் இருக்கும் கம்பெனி நான்காம் வழி, ஆனால் அலுவலகத்துக்குள் மூன்றாம் வழியின் ஒழுக்கத்தோடு. சேவை நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டோமே என்று இருந்துவிட முடியாது. பொருத்துவதிலோ இயக்குவதிலோ விதி மீறல் நடந்தால், சிஸ்டத்தை நிர்வகிப்பவரே பொறுப்பு என்று எஃப்சிசி விதி முதலில் எடுத்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று காட்ட வேண்டியது அவர் பாடு.

933 இல்லாத சேவை என்றால் நிஜ 911-ஐத்தான் அடித்துப் பார்க்க வேண்டும். முதலில் அந்த ஊர் 911 மையத்தின் அவசரமில்லா எண்ணுக்குக் கூப்பிட்டு நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். லைன் கிடைத்ததும் "இது சோதனை அழைப்பு, அவசரம் எதுவும் இல்லை" என்று ஆரம்பித்து, திரையில் தெரியும் எண்ணையும் இடத்தையும் வாசிக்கச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். வேலையாக இருக்கிறோம், பிறகு கூப்பிடு என்றால் உடனே வைத்துவிடுங்கள். அப்புறம் அடுத்த மாடிக்கு ஏறி, அங்கேயும் ஒரு ஃபோனில்.