முல்வாட் விபிஎன்: வீட்டு ஐபிக்கு நம்பகமான மறைப்பு

முல்வாட் ஒரு விபிஎன் சேவை; நம் இணையப் போக்குவரத்தைத் தன் சர்வர் வழியாக அனுப்பி, வீட்டு இணைப்பின் முகவரியான ஐபியை மறைக்கும். சேர்ந்தபோது பெயர், மின்னஞ்சல், செல்போன் எண் எதுவும் கேட்கவில்லை. 16 இலக்கக் கணக்கு எண் ஒன்றைத் தந்தார்கள், அவ்வளவுதான். மாதம் 5 யூரோ. மொத்தமாகக் கட்டினாலும் அதே விலை. ஒரு கணக்கில் 5 கருவிகள்தான் சேர்க்கலாம். எங்கள் வீட்டுக்கு அது போதாது என்பதால் வயர்கார்டு (விபிஎன் இணைப்பு முறைகளில் ஒன்று) அமைப்பை ரவுட்டரிலேயே போட்டுவிட்டேன். ரவுட்டர் ஒரே கருவியாகத்தான் கணக்காகும். பையன் கேம் ஆடும்போது எதிராளிக்கு எங்கள் ஐபி தெரியக்கூடாது, அதற்காகத்தான் வாங்கினேன்.

2023 ஏப்ரலில் ஸ்வீடன் போலீசார் தேடுதல் ஆணையோடு இவர்களின் கோத்தன்பர்க் அலுவலகத்துக்குப் போனார்கள். வாடிக்கையாளர் விவரம் சேமிப்பதே இல்லை என்பதால் வெறுங்கையோடு திரும்பினார்கள். எனக்கு அந்தச் சான்று போதும்.

வங்கி ஆப் மட்டும் சில நேரம் முரண்டு பிடிக்கும். அப்போது மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்கிறோம். அப்புறம், கூகுள் கணக்கில் நுழைந்துவிட்டு உலாவினால் கூகுளுக்கு நீங்கள் யாரென்று தெரியும், எந்த விபிஎன்னும் அதை மறைக்காது.