ஒரே தீவு, இரண்டு கூடாரத் திடல்கள்: அசட்டீக்கில் எங்கே தங்கலாம்?

வாஷிங்டனைச் சுற்றி வசிக்கும் தமிழ்க் குடும்பங்களில், "கோடை விடுமுறைக்கு அசட்டீக்கில் இடம் பிடித்துவிட்டோம்" என்று யாராவது சொன்னால் நான் உடனே கேட்பது, "எந்த அசட்டீக்?" என்றுதான். பாதிப் பேருக்கு இரண்டு இருப்பதே தெரியாது. தெரியாமல் முன்பதிவு செய்துவிட்டு, மாமியாரோடும் மூன்று வயதுக் குழந்தையோடும் போய் இறங்கி, குளிக்கக் குளிர்ந்த தண்ணீர்தான் என்று தெரிந்து திகைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருமுறை அந்தத் திகைத்தவனே நான்தான்.

அசட்டீக் என்பது மேரிலாந்திலும் வர்ஜீனியாவிலுமாக 37 மைல் நீளத்துக்குக் கிடக்கும் மணல் தீவு. 611-ஆம் எண் சாலையில் வந்து பாலத்தைக் கடந்ததும் நேரே இருப்பது மேரிலாந்து அரசின் மாநிலப் பூங்கா. அதன் கடற்கரை இரண்டு மைல். வலப்பக்கம் திரும்பித் தெற்கே கொஞ்சம் போனால் மத்திய அரசின் தேசியக் கடற்கரை. அதே அலை, அதே மணல், தீவில் தன்னிச்சையாகத் திரியும் அதே காட்டுக் குதிரைகள். ஆனால் தங்கும் அனுபவம் வேறு.

முதலில் குளியலறையைப் பேசிவிடலாம், ஏனென்றால் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு முக்கால்வாசி முடிவு அங்கேயே ஆகிவிடுகிறது. மாநிலப் பூங்காவில் வெந்நீர்க் குளியலறையும் தண்ணீர் ஊற்றும் கழிப்பறையும் உண்டு. தேசியக் கடற்கரையின் கூடாரத் திடலில் குளிர்ந்த நீரில் உப்பைக் கழுவிக்கொள்ளலாம், அவ்வளவுதான். கழிப்பறை குழி வகை. நாள் முழுக்கக் கடலில் ஆடிவிட்டு, காதிலும் தலையிலும் மணலோடு அழும் குழந்தையை இரவு எட்டு மணிக்குக் குளிர்ந்த நீரில் நிறுத்திப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மாநிலப் பூங்காவில் சில இடங்களுக்கு மின் இணைப்பும் உண்டு. சின்னக் கடையும் இருக்கிறது.

அப்படியானால் எதற்காகத் தேசியக் கடற்கரைக்குப் போகிறார்கள்? அமைதிக்காக என்பேன். மாநிலப் பூங்காவில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட கூடார இடங்கள் வளைய வளைய அடுக்கப்பட்டிருக்கின்றன. சனிக்கிழமை இரவு பக்கத்துக் கூடாரத்துச் சிரிப்பும் அதற்கடுத்த கூடாரத்துக் குறட்டையும் நம்முடையவை போலவே கேட்கும். தேசியக் கடற்கரையிலோ வண்டியை நிறுத்திவிட்டுச் சாமான்களைச் சுமந்துபோய், மணல்மேட்டின் பின்னால் கூடாரம் அடிக்கும் இடங்கள் இருக்கின்றன. அங்கே படுத்தால் அலைச் சத்தம் மட்டுந்தான். கடற்கரையில், உயர்அலை தொடும் கோட்டுக்குக் கீழே, விறகு மூட்டிச் சுற்றி உட்காரவும் அனுமதி உண்டு. எங்கள் பிள்ளைகள் இன்றுவரை நினைவு வைத்திருப்பது அந்த நெருப்பைத்தான், வெந்நீரை அல்ல. இதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

தீவுக்கும் நிலப்பரப்புக்கும் நடுவே உள்ள வளைகுடாப் பக்கம் தங்கலாமா, கடல் பக்கமா என்ற தேர்வும் தேசியக் கடற்கரையில் உண்டு. வளைகுடாப் பக்கத்தில் அந்தி அழகு, படகு விட வசதி, ஆழமில்லாத நீரில் நண்டு பிடிக்கலாம். ஆனால் கொசு! மழை பெய்து சில நாள் ஆனால் சதுப்பு நிலத்திலிருந்து படை படையாக வரும். கடல் பக்கம் காற்று அடிப்பதால் பிழைக்கலாம். மேற்கிலிருந்து காற்று திரும்பினாலோ கடிக்கும் ஈக்கள் கடற்கரைக்கே வந்துவிடும். அன்று இரண்டு திடல்களிலும் ஒரே கதிதான். மே மாதமோ செப்டம்பரோ போனால் இந்தத் தொல்லை பெரும்பாலும் குறையும்.

குதிரைகளைப் பார்க்க எங்கே தங்குவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். எங்கே தங்கினாலும் அவை வரும், வருவதுதான் சிக்கலே. 40 அடி தள்ளி நில் என்பது விதி. நாம் தள்ளி நின்றாலும் அவை நிற்பதில்லை. ஒரு காலை, புளியோதரைத் தூக்கை மேசைமேல் வைத்துவிட்டுப் பல் துலக்கப் போனேன். திரும்பும்போது ஒரு பழுப்புக் குதிரை ரொட்டிப் பொட்டலத்தைப் பாதி முடித்திருந்தது. புளியோதரையை முகர்ந்துவிட்டு ஒதுக்கிவிட்டது. என் மனைவிக்கு அதில் இன்னும் வருத்தம். சிரிப்பாக இருந்தாலும் இதன் முடிவு குதிரைக்குத்தான் கேடு. மனிதச் சாப்பாட்டுக்குப் பழகி, கூடாரங்களைச் சூறையாடி ஆட்களையும் மிரட்டத் தொடங்கிய 'சிப்' என்ற ஆண் குதிரையை 2022-இல் தீவைவிட்டே அகற்றி டெக்சாஸில் உள்ள ஒரு காப்பகத்துக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. சாப்பாடு எல்லாவற்றையும் வண்டிக்குள் பூட்டுங்கள்.

செலவில் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று. பகல் மட்டும் வந்து போகிறவர்களிடம் மாநிலப் பூங்காவில் கோடையில் ஆள் கணக்கில் வாங்குகிறார்கள். தேசியக் கடற்கரையில் வண்டிக் கணக்கு, அதுவும் ஏழு நாள் செல்லும். எட்டுப் பேர் ஒரே வண்டியில் திணிந்து வரும் குடும்பத்துக்கு எது லாபம் என்பதை நானா சொல்ல வேண்டும்? ஆனால் அங்கே தங்குபவர்கள் கூடாரக் கட்டணத்தோடு நுழைவுக் கட்டணமும் தர வேண்டும். கோடையில் மாநிலப் பூங்காக் கடற்கரையில் உயிர்காப்பாளர்கள் இருக்கிறார்கள்.

முன்பதிவு மாநிலப் பூங்காவில் ஓராண்டுக்கு முன்பே திறக்கிறது, தேசியக் கடற்கரையில் ஆறு மாதம். குளிர்காலத்தில் மாநிலத் திடல் மூடியிருக்கும். தேசியத் திடல் திறந்திருக்கும்.

எங்கே தங்கினாலும் தேசியக் கடற்கரைப் பகுதியின் மணல்மேட்டு நடைபாதைக்கு அரைமணி ஒதுக்குங்கள். மணலுக்குள் தார்ச்சாலைத் துண்டு ஒன்று கிடக்கும். 1950-களில் இந்தத் தீவை மனை மனையாகப் போட்டு விற்றபோது போட்ட சாலை அது. 1962 மார்ச் மாதப் புயல் வந்து வீடுகளையும் சாலையையும் வாரிக்கொண்டு போனது. அதன் பிறகுதான், 1965-இல், தேசியக் கடற்கரை பிறந்தது. கடலோர மனை வாங்கத் துடிக்கும் எங்கள் சித்தப்பாவை அந்தச் சாலைமேல் நிற்க வைத்துப் படம் எடுத்திருக்கிறேன்.

கூடாரத்துக்குச் சாதாரண முளைகள் போதாது. மணலில் நிற்க ஒரு முழ நீளமாவது வேண்டும். காற்றில் எங்கள் முதல் கூடாரம் பந்துபோல் உருண்டு ஓடியது. ஆறு வயதுக்குக் கீழே பிள்ளையோ, முழங்கால் வலிக்கும் பெரியவரோ உடன் இருந்தால் மாநிலப் பூங்கா, யோசிக்கவே வேண்டாம். பிள்ளைகள் பத்தைத் தாண்டியவர்கள் என்றால் தெற்கே போங்கள். இந்தச் செப்டம்பரில் மாமியாரும் வருகிறார். நான் மாநிலப் பூங்காவில்தான் இடம் போட்டிருக்கிறேன், பிள்ளைகள் முறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.