விக்டனாவர்: பழைய ஐரோப்பிய வாள்வித்தையை மூலச் சுவடியிலிருந்தே கற்க ஒரு கட்டணமில்லா நூலகம்

பழைய ஐரோப்பிய வாள்வித்தையைக் கற்க விரும்புகிறவர் முதலில் அறிய வேண்டியது, அதைக் கைப்பிடித்துச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் மரபு அறுந்துபோய்விட்டது என்பதுதான். இரு கைகளாலும் பிடித்து வீசும் நீள்வாள் போர்க்களத்திலிருந்தும், பின்னர் நகரத்துப் பயிற்சிக் கூடங்களிலிருந்தும் மறைந்தபோது, அதை ஆடத் தெரிந்தவர்களும் மறைந்தார்கள். அவர்கள் எழுதியும் எழுதுவித்தும் விட்டுச்சென்ற சுவடிகளும் அச்சு நூல்களும் மட்டும் நூலகங்களில் தங்கின. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனில் எகர்ட்டன் காசில், ஆல்பிரட் ஹட்டன் முதலியோர் அவற்றைப் படித்து ஆடியும் காட்டினார்கள். அம்முயற்சி அவர்கள் காலத்துக்குப் பின் தொடரவில்லை. இன்று ‘ஹெமா’ (வரலாற்று ஐரோப்பியப் போர்க்கலைகள்) என்ற சுருக்கப்பெயரால் பல நாடுகளில் பயிலப்படுவது, ஏறக்குறைய கடந்த முப்பது ஆண்டுகளில் மறுபடியும் சுவடிகளிலிருந்து தொடங்கியதாகும். எனவே இக்கலையில் பயிற்சியின் பாதி, சுவடியை வாசித்துப் பொருள் கொள்வதிலேயே கழிகிறது.

அந்த வாசிப்புக்காக நான் மூன்று ஆண்டுகளாக வாரந்தோறும் திறக்கும் இணைய நூலகம் விக்டனாவர். 2009இல் தொடங்கப்பெற்ற அதற்கு, அமெரிக்காவைச் சேர்ந்த ஹெமா அலையன்ஸ் என்ற அமைப்பு துணை நிற்கிறது. ஜெர்மானிய நீள்வாள் மரபின் முதல்வராகப் போற்றப்படும் யோஹானஸ் லீக்டனாவரின் பெயரையும் ‘விக்கி’ என்ற சொல்லையும் சேர்த்து இப்பெயரை ஆக்கியிருக்கிறார்கள். படிப்பதற்குக் கட்டணம் இல்லை. பெயரைப் பதிவு செய்யவும் வேண்டியதில்லை. ஆனால் இலவசம் என்பதற்காக நான் இதைப் பரிந்துரைக்கவில்லை. மூலம் எங்கே முடிகிறது, மொழிபெயர்ப்பாளரின் கருத்து எங்கே தொடங்குகிறது என்பதை வாசகர் தம் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளும்படி பக்கத்தை அமைத்திருக்கிறார்களே, அதற்காகத்தான் பரிந்துரைக்கிறேன்.

ஓர் ஆசிரியரின் பக்கத்தைத் திறந்தால் அவரைப் பற்றித் தெரிந்த அளவுக்கு வாழ்க்கைக் குறிப்பு முதலில் வரும். அதன் கீழே ஓர் அகன்ற அட்டவணை. இடப்புறம் ஓவியம் இருந்தால் ஓவியம், அடுத்த நிரலில் மொழிபெயர்ப்பு, அதற்கப்பால் அந்நூல் எத்தனை சுவடிகளில் கிடைத்திருக்கிறதோ அத்தனை நிரல்கள். எடுத்துக்காட்டாக, லீக்டனாவரின் பாக்களுக்கு உரை செய்த சிக்மண்ட் ரிங்கெக்கின் பக்கத்தில் ட்ரெஸ்டன் சுவடி, 1508ஆம் ஆண்டைச் சேர்ந்த கிளாஸ்கோ சுவடி, ரோஸ்டாக் சுவடி ஆகிய மூன்றின் வாசகங்களும் வரிசைக்கு வரிசை நேராக நிற்கின்றன. பழைய ஜெர்மன் எழுத்துமுறையைத் திருத்தாமல் உள்ளபடியே பெயர்த்திருப்பதால், பாடபேதம் இருக்கும் இடம் கண்ணில் பட்டுவிடுகிறது. பழந்தமிழ் நூல்களின் நல்ல பதிப்புகளில் அடிக்குறிப்பாகச் சிறிய எழுத்தில் கிடக்கும் பாடபேதங்கள், இங்கே மூலத்துக்கு நிகரான இடத்தில் அமர்ந்திருப்பது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது.

இந்த அமைப்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை விளக்க லீக்டனாவரின் எழுத்துமுறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் தம் வித்தையை இயைபுத் தொடையில் அமைந்த குறும்பாக்களாக, அயலார் கேட்டால் புரியாதபடி மறைத்தே சொல்லிவைத்தார். பின்வந்தவர்கள் அவற்றுக்கு உரை வகுத்தார்கள். தொல்காப்பிய நூற்பாவையும் சேனாவரையர் உரையையும் சேர்த்துப் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. மூலம் ஓரடியில் முடிந்துவிடும். அதன் பொருளை உரை விரிக்கும். உரையும் சொல்லாமல் விட்டதை, முன் சொன்ன இடத்திலிருந்து நாமே வருவித்துக்கொள்ள வேண்டும். வருவிக்கும்போது எதை வருவித்தோம் என்பதை மறந்துவிட்டால், நம் சொந்தக் கற்பனை சில மாதங்களில் மூலத்தின் சொல்லாகவே நமக்குத் தோன்றத் தொடங்கும்.

ஐந்து முதன்மை வெட்டுகளில் முதலாவதாகிய சோர்ன்ஹாவ், அதாவது சினவெட்டு, இதற்குத் தக்க சான்று. “மேலிருந்து வெட்டுகிறவனைச் சினவெட்டின் முனை மிரட்டும்” என்பதே பா. ரிங்கெக்கின் உரை இதை இவ்வாறு விரிக்கிறது: எதிரி தன் வலப்புறமிருந்து மேலே ஓங்கி வெட்டினால், நீயும் உன் வலத்தோளிலிருந்து, வாளின் முன்கூரால் (எதிரியை நோக்கிய விளிம்பால்), அவனோடு சேர்ந்து வலுவாக வெட்டு, அப்போது அவன் வாளில் மென்மையாக இருந்தால், முனையை நேரே நீளமாக அவன் முகத்துக்குச் செலுத்திக் குத்துவதாக மிரட்டு. ஐந்தாறு வரிக்குள் அடங்கும் இவ்வுரையைப் படித்தவுடன் எல்லாம் புரிந்துவிட்டதாகவே நாங்களும் நினைத்தோம்.

கைக்கு வந்தபோது புரியவில்லை. என் பயிற்சித் துணைவர் மேலிருந்து வெட்ட, நானும் வெட்டினேன். வாள்கள் நடுவில் சந்தித்தன. நான் முனையை நீட்டினேன். அது அவருடைய இடக்காதை ஒட்டி வெளியே போயிற்று. பத்து முறை செய்தாலும் அதே முடிவு. தோளை மாற்றினோம், பிடியை மாற்றினோம், கடைசியில் மொழிபெயர்ப்பையே சந்தேகித்தோம். பிறகு அட்டவணையில் மூல வாசகத்தின் நிரலுக்குப் போய், ஜெர்மன் அகராதியை வைத்துக்கொண்டு சொல் சொல்லாகப் பார்த்தபோது, ‘அப்போது அவன் மென்மையாக இருந்தால்’ என்ற நிபந்தனையை நாங்கள் வாயால் வாசித்தோமே தவிர, வாளால் வாசிக்கவில்லை என்பது தெரிந்தது. துணைவர் ஒவ்வொரு முறையும் என் வாளை முழு வலுவுடன் தள்ளிக்கொண்டிருந்தார். அவர் வன்மையாக இருந்தார். நானோ மென்மையானவனுக்குச் சொன்ன பாடத்தை அவரிடம் செய்துகொண்டிருந்தேன்.

அட்டவணையின் அடுத்த வரிசையில் விடை காத்திருந்தது. எதிரி முனையைக் கண்டுகொண்டு வலுவாகத் தடுத்தால், உன் வாளை அவன் வாளின் மேலாக விடுவித்து, அதன் மறுபக்கத்தில் மறுபடி மேலிருந்து தலைக்கு வெட்டு என்கிறது உரை. துணைவரின் தள்ளலை எதிர்க்காமல் வாளை மேலே எடுத்தபோது, அவர் வாள் தன் வலுவிலேயே பக்கவாட்டில் ஓடியது; என் வெட்டு அவர் தலையின் வலப்பக்கத்தில், முகக்கவசத்தின் மேல், எளிதாக இறங்கியது. அதன் பிறகுதான் ‘மிரட்டு’ என்ற சொல்லின் அருமை விளங்கிற்று. ‘குத்து’ என்று மட்டும் எழுதாமல், ‘குத்துவதாக மிரட்டு’ என்று ஆசிரியர் எழுதியிருக்கிறார். மிரட்டலுக்கு எதிரி அஞ்சித் தடுத்தால் மேலிருந்து வெட்டு. அஞ்சாவிட்டால் முனையே முகத்தில் இருக்கிறது. இதை ஆங்கிலத்தில் வெறுமனே ‘குத்து’ என்று பெயர்த்திருந்தால், இரண்டு பாடங்களுக்கும் இடையிலுள்ள தொடர்பு அறுந்துபோயிருக்கும்.

இன்னொன்றும் குறிப்பிட வேண்டும். சினவெட்டுக்கான இவ்வுரையில் காலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதைப் பல பக்கங்களுக்கு முன்னால், பொதுப் பாடத்தில், வலப்புறமிருந்து வெட்டுகிறவன் இடக்காலை முன்வைத்து நின்று, வெட்டைத் தொடர்ந்து வலக்காலால் அடியெடுத்து வைக்காவிட்டால் அந்த வெட்டு பொய்யானது, எட்டாமல் குறைந்துவிடும் என்று ஆசிரியர் சொல்லி முடித்துவிட்டார். அங்கிருந்து காலை இங்கே வருவித்துக்கொள்ள வேண்டும். பக்கம் முழுவதும் ஒரே நீட்சியாக இருப்பதால் மேலும் கீழும் போய்வருவது விக்டனாவரில் எளிது. தனித்தனி நுட்பங்களாக வெட்டி ஒட்டப்பட்ட காணொளிகளில் இது இயலவே இயலாது.

நான் இதை இவ்வளவு வலியுறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. விக்டனாவரை அறியுமுன், கட்டணம் செலுத்தி ஒரு வார இறுதி வகுப்புக்குச் சென்றிருந்தேன். அங்கே சினவெட்டை ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணிச் சொல்லிக்கொடுத்தார்கள்: ஒன்றில் தடு, இரண்டில் குத்து. இது எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டதற்குச் சுவடியிலேயே இருக்கிறது என்று விடை வந்தது. பின்னாளில் மூலத்தைப் பார்த்தபோது ‘அவனோடு சேர்ந்து வெட்டு’ என்று இருந்தது. தடுப்பது என்ற சொல் அங்கே எதிரியின் செயலாகத்தான் வருகிறது. அந்த ஆசிரியரின் முறை நடைமுறையில் பயனற்றது என்று நான் சொல்லவில்லை; தொடக்கநிலை மாணவருக்கு எண்ணிக்கை உதவவும் கூடும். ஆனால் தம் விளக்கத்தைச் சுவடியின் கூற்றாகச் சொன்னது எனக்கு இன்றும் வருத்தமே. மாணவர் சரிபார்க்க முடியாத இடத்தில் இத்தகைய சொல் நிலைத்துவிடும்.

ஓவியத்தையே பெரிதும் நம்பியிருக்கும் நூல்களுக்கு வாசிப்பு வேறுவகைப்படும். இதுவரை கிடைத்துள்ளவற்றுள் மிகப் பழைய வாள்வித்தைச் சுவடியாகக் கருதப்படும் ‘ஐ.33’, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ராயல் ஆர்மரிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த அதன் 64 பக்கங்களில், துறவியர் உடையணிந்த ஒரு குருவானவரும் அவர் மாணவரும் ஒற்றைக்கை வாளும் பக்லர் என்ற சிறு கேடயமும் ஏந்தி ஏழு காப்புநிலைகளை ஆடுகிறார்கள். இறுதிப் பக்கங்களில் மாணவரின் இடத்தில் வால்புர்கிஸ் என்ற பெண் நிற்கிறாள். இலத்தீன் வாக்கியங்களுக்கு நடுவே ‘ஹால்ப்ஷில்ட்’ போன்ற ஜெர்மன் கலைச்சொற்கள் அப்படியே நிற்கின்றன. அச்சொல்லின் நேர்ப்பொருள் ‘அரைக்கேடயம்’. அதைத் தெரிந்துகொண்டு பயனில்லை, வாளும் கேடயமும் ஒன்றுசேர்ந்து முன்னே நீண்டிருக்கும் படத்தைப் பார்த்தால்தான் உடல் புரிந்துகொள்கிறது. படத்திலோ ஆழம் காட்டப்படவில்லை. முழங்கை எவ்வளவு மடங்கியிருக்கிறது, எதிரி எத்தனை அடி தள்ளி நிற்கிறான் என்பவற்றைச் செய்துபார்த்தே முடிவு செய்ய வேண்டும். படமும் இலத்தீனும் மொழிபெயர்ப்பும் அருகருகே இருப்பதால் அந்த முடிவுகளை அடிக்கடி திருத்திக்கொள்ள முடிகிறது.

இத்தாலிய மரபில் ஃபியோரே தெ லிபேரியின் பக்கத்தையும் அவசியம் பார்க்க வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸ் கெட்டி அருங்காட்சியகச் சுவடி விரிவான உரைநடையில் பேசுகிறது. 1409ஆம் ஆண்டுக் குறிப்புள்ள பிசானி டோசி சுவடி ஈரடிப் பாக்களோடு நின்றுவிடுகிறது. ஒன்றில் புரியாத கைப்பிடி மற்றொன்றின் ஓவியத்தில் தெளிந்துவிடுவதுண்டு. ஆசானுக்கு மகுடமும், மாணவனுக்குக் காலில் பொன்பட்டியும், அவர்கள் நுட்பத்தை முறிக்கிறவனுக்கு இரண்டும் வரைந்திருக்கும் அந்த ஓவியமுறை, யார் வெல்கிறார் என்பதைச் சொல்லின்றிக் காட்டிவிடுகிறது.

பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. மொழிபெயர்ப்புகள் பலருடைய உழைப்பு. நிரலின் தலைப்பில் மொழிபெயர்ப்பாளரின் பெயர் இருக்கும், அதைப் பார்த்த பிறகே வாசிக்கத் தொடங்குங்கள். அகன்ற அட்டவணை என்பதால் கைப்பேசியைவிடக் கணினித் திரையே ஏற்றது. தமிழில் இல்லை, ஆங்கிலம் வழியாகப் படிக்கும் நாம் மூலத்திலிருந்து இன்னும் ஒரு படி தள்ளியே நிற்கிறோம். ஆகவே மென்மைக்கு ‘வைக்’, வன்மைக்கு ‘ஹார்ட்’, வாளின் வழியாக எதிரியின் வலுவை உணர்வதற்கு ‘ஃபூலென்’, அவ்வுணர்வு கிட்டிய அக்கணத்திலேயே செயல்படுவதற்கு ‘இன்டெஸ்’ என்று ஒரு இருபது சொற்களையாவது மூலமொழியிலேயே மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. பக்கத்தின் அடியில் எந்தப் பகுதி யாருடைய உரிமை, எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. வகுப்புக்காகப் படியெடுக்குமுன் அதைப் பார்ப்பது உழைத்தவர்களுக்குச் செய்யும் மரியாதை.

படித்ததைச் செய்துபார்க்கும் கருவியிலும் கவனம் வேண்டும். நைலான் வாள்கள் மோதியதும் வளைந்து துள்ளி விலகுவதால், அவற்றை வைத்துக்கொண்டு மென்மையும் வன்மையும் எது என்று கண்டறிவது வீண்முயற்சி. நல்ல மரவாள் போதும்; வசதியிருந்தால் ‘ஃபெடர்’ எனப்படும், ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையுள்ள மழுங்கிய எஃகுப் பயிற்சிவாள் சிறந்தது. முகத்துக்கு முனை வரும் பாடங்களில், எவ்வளவு மெதுவாகச் செய்தாலும், முகக்கவசம் இல்லாமல் ஒருபோதும் நிற்காதீர்கள்.

தொடங்குகிறவர்கள் நூரம்பர்க்கிலுள்ள 3227ஏ சுவடிக்கு முதலில் போக வேண்டாம். அது சிந்தனை வளம் மிக்கது. ஆனால் நீண்ட உரைநடையாகவும், பல இடங்களில் முற்றுப்பெறாமலும் இருப்பதால் புதியவருக்குப் பிடி கிடைக்காது. ரிங்கெக்கின் பக்கத்தில் பொதுப் பாடத்தையும் சினவெட்டின் முதல் இரண்டு வரிசைகளையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் உரக்க வாசிக்க, இருவர் செய்து பார்க்க, நான்காமவர் வாசகத்தில் இல்லாத எதையாவது அவ்விருவரும் சேர்த்துக்கொள்கிறார்களா என்று கவனித்து எழுதிவைக்கட்டும். எங்கள் நால்வருக்கு அந்த இரண்டு வரிசைகளுக்கே ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. நான்காமவரின் குறிப்பேட்டில் பதினோரு பக்கங்கள் நிரம்பியிருந்தன.